புறம்போக்கு: ஒரு வசவும் ஒரு பாட்டும்

இந்தத் தடவை நெல்லு, உரம், மோட்டார் பேச்சு இல்லை. ஒரு சொல்லைப் பத்தியும் அந்தச் சொல்லை வச்சுக் கட்டின ஒரு பாட்டைப் பத்தியும் எழுதறேன்.

பட்டணத்தில் "புறம்போக்கு" என்றால் திட்டு. பஸ்ல கால் மிதிச்சா கூட வந்துடும். ஆனா எங்களை மாதிரி நிலம் வச்சிருக்கிற ஆளுங்களுக்கு அது முதலில் கணக்குச் சொல். வி.ஏ.ஓ. ஆபீசுல 'அ' பதிவேட்டைத் திறந்து பாருங்க. பட்டா நிலம் ஒரு பக்கம் போகும். மிச்சமெல்லாம் ஏரி புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துமேடு, வண்டிப்பாதை, சுடுகாடு என்று வரிசையா வரும். ஊரில் யாருக்கும் சொந்தமில்லாம எல்லாருக்கும் வேண்டியது எதுவோ, அதெல்லாம் அந்தத் தலைப்புக்குக் கீழேதான் இருக்கும். நான் நெல்லைக் காயவைக்கிறது புறம்போக்கில். என் மாடு மேயறது புறம்போக்கில். என் வயலுக்குத் தண்ணி வர்ற மதகும் புறம்போக்கு. கடைசியில என்னைக் கொண்டுபோய் வைக்கிற இடமும் அதுதான்.

இந்தக் கணக்கு இன்னைக்கு நேத்து வந்ததில்லை. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜ சோழன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தினது. மொத்த நிலம் இவ்வளவு என்று எழுதி, அதில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாத்தையும் கழிச்சு, மிச்சத்துக்குத்தான் வரி போட்டிருக்காங்க. பொதுவில் இருக்கிறதுக்கு வரி கிடையாது. அதே கல்வெட்டுல சேரி தனியா, சேரிக்குச் சுடுகாடு தனியா எழுதியிருக்கு என்பதையும் சொல்லிடணும். பொது நிலம் என்று பேர் இருந்தாலும் அது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொதுவா இருந்ததில்லை.

வெள்ளைக்காரன் ரயத்துவாரி கொண்டுவந்து நிலத்தை அளந்தப்பவும் இதே பிரிவுதான். தீர்வை கட்டறது பட்டா. தீர்வை இல்லாதது புறம்போக்கு. வருமானம் வராத நிலம் என்பதால் அந்தச் சர்க்கார் கண்ணுக்கு அது ஒண்ணுக்கும் உதவாத நிலம். 1905ல மெட்ராஸ் மாகாணத்துக்கு ஒரு ஆக்கிரமிப்புச் சட்டம் போட்டாங்க. அதில் ரோடு, ஆறு, ஏரி எல்லாம் சர்க்கார் சொத்து என்று ஆச்சு. ஊருக்குச் சொந்தமா இருந்தது சர்க்காருக்குச் சொந்தமாச்சு. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு 'பி மெமோ' வரும். நிலமில்லாதவன்தானே அங்கே குடிசை போடுவான்? அந்த நிலத்துப் பேரையே அவன் மேல ஒட்டவச்சு வசவா ஆக்கிட்டாங்க என்பது என் அபிப்பிராயம். நிலம் உள்ளவன் நிலம் இல்லாதவனைத் திட்டக் கண்டுபிடிச்ச வார்த்தை அது.

இனி எண்ணூருக்கு வருவோம். நான் இருக்கிறது பொன்னேரி தாலுகா. கொசஸ்தலை ஆறு பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணை என்று வந்து, எங்க பக்கத்தைத் தொட்டுக்கிட்டு, எண்ணூர் கழிமுகத்தில் கடலுக்குப் போகுது. எங்க ஊர் வெள்ளம் வடியறது அந்த வழியாத்தான். அதனால எண்ணூர் எங்களுக்கு வேத்தூர் இல்லை. எங்க வீட்டுப் புழக்கடை மாதிரி.

கழிமுகத்தைப் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். கடல் ஏறும்போது உப்புத்தண்ணி உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். நடுவுல சேறும் உப்பங்கழியும் அலையாத்திச் செடியும். இறால், நண்டு, மடவை எல்லாம் குஞ்சு பொரிச்சு வளர்ற இடம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆளுங்க தலைமுறை தலைமுறையா அதை நம்பி இருக்காங்க. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணியில கையாலேயே துழாவி இறால் பிடிப்பாங்க. பட்டா யாருக்கும் கிடையாது. முழுக்கப் புறம்போக்கு.

பட்டா இல்லேன்னா அடிதடிதானே என்று நினைப்பீங்க. அப்படி இல்லை. எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில 'பாடு' என்று ஒரு முறை இருக்கு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடறது என்று மீனவர்கள் அவங்களுக்குள்ளேயே சீட்டுப் போட்டு முறை வச்சுக்குவாங்க. நல்ல இடம் ஒருத்தருக்கே நிரந்தரமா போயிடாது. எங்களுக்கு ஏரித்தண்ணியில முறை இருக்கிற மாதிரிதான். நீர்க்கட்டி மடையைத் திறந்துவிடறப்ப, தலைமடைக்காரன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அவன் முறை முடிஞ்சா மடையை அடைக்கணும். பொது நிலத்தில் சண்டை வராம இருக்க ஊர் கண்டுபிடிச்ச வழி இது. இந்தப் 'பாடு' என்ற சொல்லையும் ஞாபகம் வச்சுக்குங்க.

அந்தக் கழிமுகத்தைச் சுத்தி ஒவ்வொண்ணா வந்தது. 1970ல எண்ணூர் அனல்மின் நிலையம். 1990கள்ல வடசென்னை அனல்மின் நிலையம். 2001ல எண்ணூர் துறைமுகம், இப்போ காமராஜர் துறைமுகம் என்று பேர். அப்புறம் வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம். ஒவ்வொண்ணுக்கும் இடம் வேணும். புறம்போக்கு சும்மாத்தானே கிடக்கு? மண்ணைக் கொட்டி மேடாக்கினாங்க. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணியில கரைச்சு, கழிமுகத்துக்குக் குறுக்கே குழாய் போட்டுச் சாம்பல் குட்டைக்கு அனுப்பினாங்க. குழாய் ஒழுகி ஒழுகி ஆத்துப் படுகையிலேயே சாம்பல் படிஞ்சுது. படகு ஓடின இடத்தில் முழங்கால் அளவுதான் தண்ணி என்று குப்பத்து ஆளுங்க சொல்வாங்க.

மின்சாரம் வேண்டாமா என்று கேட்கலாம். வேணும்தான். என் மூணு ஹெச்.பி. மோட்டாரும் அந்தக் கரண்டில்தான் ஓடுது. ஆனா கரண்டு எல்லா ஊருக்கும் போகுது, சாம்பல் ஒரு ஊருக்குத்தான் போகுது. இதை யார் கேக்கறது?

கேட்டாங்க. மனு போட்டாங்க, படகை நிறுத்தி மறியல் பண்ணினாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க. பேப்பர்ல உள்பக்கத்தில் நாலு வரி வரும். அவ்வளவுதான். 2015 டிசம்பர் வெள்ளம் வந்த பிறகுதான் மெட்ராஸ்காரங்களுக்கே ஏரி எங்கே இருந்தது, ஆறு எங்கே போச்சு என்ற கேள்வி வந்தது.

2017 பொங்கல் அன்னைக்கு, ஜனவரி 14ஆம் தேதி, யூடியூப்ல ஒரு பாட்டு வந்தது. பேர் 'சென்னை புறம்போக்குப் பாடல்'. எழுதினவர் கபேர் வாசுகி. பாடினவர் டி.எம். கிருஷ்ணா. படமாக்கினவர் ரதீந்திரன் பிரசாத். பின்னால நின்னவர்களில் முக்கியமானவர் சூழல் போராட்டக்காரர் நித்யானந்த் ஜெயராமன். கிருஷ்ணா கர்நாடக சங்கீத வித்வான், முந்தின வருஷம்தான் மகசேசே விருது வாங்கினவர். மயிலாப்பூர் சபாக்களில் பாடின ஆள், எண்ணூர் சாம்பல் மேட்டில் உட்கார்ந்து பாடினார். பின்னால புகைபோக்கிகள். மூக்கை மூடற முகமூடி ஒண்ணும் அந்தப் படத்துல வரும். கொரோனாவுக்கு மூணு வருஷம் முன்னாடி அது, அப்ப முகமூடியே ஒரு அதிசயம்.

பாட்டு ஆனந்தபைரவியில் தொடங்கி, பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என்று போகுதாம். எனக்கு ராகம் தெரியாது, விஷயம் தெரிஞ்சவங்க சொன்னதைச் சொல்றேன். ஆனா வார்த்தை எனக்கு நல்லாவே புரிஞ்சுது. அது அக்மார்க் மெட்ராஸ் பாஷை. புறம்போக்கு உனக்கும் எனக்கும் தனிச்சொத்து இல்லை, ஊருக்கு உள்ளது என்பதுதான் அதன் கருத்து. துறைமுகம் ஏன் அங்கே வந்தது, அனல்மின் நிலையம் என்ன பண்ணுது, ஏரியில வீடு கட்டினா வெள்ளம் எங்கே போகும், கடைசியில அந்த ஊர் ஆளையும் எப்படிப் புறம்போக்கு ஆக்கறாங்க என்று ஒண்ணொண்ணா வரும். எங்க தாசில்தார் ஆபீசுல அடங்கல் படிக்கிற மாதிரி தெளிவா இருக்கும், கோபமும் இருக்கும்.

அந்தச் சொல்லை நல்ல அர்த்தத்தில் எடுத்தது அவங்கதான் முதல் என்று சொல்ல மாட்டேன். 2015லேயே எஸ்.பி. ஜனநாதன் தன் படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடைமை' என்று பேர் வச்சார். ஆனா அந்தச் சொல்லைத் திரும்ப அந்த நிலத்தின் மேலேயே கொண்டுபோய் வச்சது இந்தப் பாட்டு.

அப்போ ஒரு விமர்சனம் வந்தது. வடசென்னைக் கஷ்டத்தைப் பாட மயிலாப்பூர் பாடகர் எதுக்கு? அங்கேயே கானா பாடற பசங்க இல்லையா? கேள்வி நியாயமானது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி எல்லாம் கானா பிறந்து வளர்ந்த மண். சாவு வீட்டில் ராத்திரி பூரா பாடி, செத்தவனுக்கு ஒரு சரித்திரம் எழுதறது கானா. அதை ரொம்ப காலம் யாரும் பாட்டாவே மதிக்கலை, அதுவும் ஒரு புறம்போக்குப் பாட்டாத்தான் கிடந்தது. ஆனா நான் வேற மாதிரி பார்க்கறேன். குப்பத்து ஆளுக்குப் புறம்போக்கின் அருமையைப் பாடிக்காட்ட வேண்டியதில்லை, அவனுக்கே தெரியும். தெரியாதது சபாவில் முன்வரிசையில் உட்கார்ற ஆளுக்கு. அந்த ஆளு காதில் அந்தச் சொல் ஆனந்தபைரவியில் விழணும் என்றால் அங்கே பாடற ஆள்தான் பாடணும். கிருஷ்ணா இதைக் கச்சேரி மேடையிலேயும் பாடினார்.

இன்னொண்ணு, ராகம் அந்தக் கரைக்குப் புதுசும் இல்லை. திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல தியாகராஜர் அஞ்சு கீர்த்தனை பாடியிருக்கார். வள்ளலார் ஏழுகிணறு பக்கம் குடியிருந்தப்ப தினம் நடந்தே திருவொற்றியூர் போய்ப் பாடினவர். சாமியைப் பாடறேன் என்று தொடங்கினவர், சாதியும் சமயமும் பொய் என்று பாடற இடத்துக்கு வந்து, 1867ல வடலூரில் பசிக்கு அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்னும் அணையலை. ஒரு பாட்டுக்காரர் செஞ்ச காரியங்களில் எனக்குப் பெருசாப் படறது அதுதான்.

சினிமாவில் இந்த வேலையைச் செஞ்சவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1930ல பிறந்து 1959ல செத்துப்போனார், 29 வயசுதான். விவசாயக் குடும்பம். மாடு மேய்ச்சவர், உப்பளத்தில் வேலை செஞ்சவர், மாம்பழம் வித்தவர், கம்யூனிஸ்டு கட்சி விவசாயிகள் இயக்கத்தில் இருந்தவர். 'நாடோடி மன்னன்' படத்துக்கு அவர் எழுதின உழவன் பாட்டை எங்க அப்பா அண்டை வெட்டும்போது பாடுவார். படிக்கத் தெரியாது அவருக்கு. பொதுவுடைமை என்ற சொல்லை எந்தக் கூட்டத்திலேயும் அவர் கேட்டதில்லை, சங்கதியை மட்டும் பாட்டில் பிடிச்சுக்கிட்டார். சொல்ல வந்ததை அறிக்கையில் எழுதினா படிச்சவன் மட்டும் படிப்பான். மெட்டுல வச்சா வரப்பு வரைக்கும் வரும்.

புறம்போக்குப் பாட்டு வந்த அதே வாரம் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். ஊரே அங்கே இருந்ததால பாட்டு அமுங்கிப்போகும் என்று நினைச்சேன். ஜனவரி 28ஆம் தேதி விடியக்காலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. கறுப்பு எண்ணெய் எர்ணாவூர் கரை பூரா தார் மாதிரி ஒதுங்கிச்சு. பெரிய மெஷின் எதுவும் உதவலை. பசங்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் பக்கெட்ல அள்ளினாங்க. உலகம் பூரா அந்தப் படம் போச்சு. பாட்டு வந்து சரியா ரெண்டு வாரம். அதுக்கப்புறம் 'எண்ணூர் எங்கே இருக்கு' என்று யாரும் கேட்கலை.

அந்த வருஷமே இன்னொரு விஷயம் தகவல் உரிமைச் சட்டத்தில் வெளியே வந்தது. 1996ல மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் கழிமுகம் இருக்கு. பின்னால புழக்கத்துக்கு வந்த ஒரு வரைபடத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கழிமுகத்தைக் காணோம். தண்ணி இருக்கு, படகு இருக்கு, காகிதத்தில் மட்டும் இல்லை. விவசாயிக்கு இது புரியும். ஏரியை முதல்ல பதிவேட்டில்தான் தூர்ப்பாங்க, அப்புறம்தான் லாரி வரும்.

பாட்டுனால என்ன ஆச்சு என்று கேட்கறவங்களுக்குக் கொடைக்கானல் கதையைச் சொல்வேன். அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கொட்டின விவகாரத்தில் 2001ல மூடிச்சு. வேலை செஞ்சவங்க உடம்பு கெட்டு, பல வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க. 2015ல சோஃபியா அஷ்ரஃப் என்ற மெட்ராஸ் பொண்ணு அதைப் பத்தி ஒரு ராப் பாட்டுப் பாடி யூடியூப்ல போட்டாங்க. லட்சக்கணக்கான பேர் பார்த்தாங்க. 2016 மார்ச்சில் யூனிலிவர் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளிகளோட உடன்பாடு பண்ணிக்கிச்சு. பாட்டு ஜெயிச்சது என்று எழுதினாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பதினஞ்சு வருஷம் அலைஞ்ச தொழிலாளிங்க ஜெயிச்சாங்க. பாட்டு அவங்களுக்காகக் கதவைத் தட்டின சத்தம்.

அமெரிக்காவில் பீட் சீகர் என்று ஒருத்தர் இருந்தார். ஹட்சன் ஆறு ஆலைக் கழிவால் நாறிக் கிடந்தப்ப, ஒரு பாய்மரக் கப்பல் கட்டி 1969ல ஆத்துல விட்டு, கரையோர ஊர் ஊரா நிறுத்திப் பாஞ்சோ வாசிச்சுப் பாடினார். பாட்டுக் கேட்க வந்தவங்களைக் கப்பலில் ஏத்தி ஆத்தைக் காட்டினார். 94 வயசு வரைக்கும் இதே வேலை. எனக்கு அதில் பிடிச்சது கப்பல்தான். வெறும் பாட்டோட நிறுத்தலை பாருங்க.

எண்ணூரிலும் அப்படித்தான், பாட்டோட நிக்கலை. வழக்கு நடந்துகிட்டே இருந்தது. 2022 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலுக்கு மின்வாரியம்தான் பொறுப்பு, அதை எடுத்துக் கழிமுகத்தை மீட்கணும் என்று சொல்லிச்சு. வழக்குப் போட்டதில் மீனவர்கள் உண்டு. அதுக்காகச் சந்தோஷப்பட்டு முடிக்கிறதுக்குள்ள, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலையில் இறங்கிச்சு. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிஞ்சு, தூங்கினவங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு இருட்டில் ஓடினாங்க. அப்புறம் பல வாரம் பந்தல் போட்டு உட்கார்ந்தாங்க. ஒரு கல் வீசாம உட்கார்ந்தாங்க, அதையும் எழுதிவைக்கணும்.

கானாப் பசங்களையும் சொல்லாம விட முடியாது. புறம்போக்குப் பாட்டு வந்து ஒரு வருஷம் கழிச்சு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறிச்சு. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியில்லாத தமிழன் என்ற கருத்திலிருந்து எடுத்த பேர். அதில் பாடற இசைவாணி ராயபுரத்துப் பொண்ணு. ஆம்பளைங்க மட்டுமே பாடிக்கிட்டிருந்த கானாவைத் தைரியமா எடுத்துப் பாடி, 2020ல பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தாங்க. கேட்டா சிலருக்குக் கசக்கும். மாட்டுக்கறியைப் பத்தியும் பாடுவாங்க, இட ஒதுக்கீட்டைப் பத்தியும் பாடுவாங்க. எங்க ஊர் டீக்கடையில அதைப் போட்டப்ப ரெண்டு பெரியவங்க எழுந்து போயிட்டாங்க. ஆனா அடிதடி வரலை. பத்து நாள் கழிச்சு அதில் ஒருத்தர் "அந்தப் பொண்ணு குரல் நல்லாத்தான் இருக்கு" என்றார். சேரியில் ஒரு நாள் கூட டீ குடிக்காத மனுஷர் அவர். இது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்று நீங்களே பார்த்துக்குங்க.

எங்க பக்கம் நிலைமை என்ன என்றும் எழுதணும். 1960கள் கடைசியிலேயே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி மெட்ராசுக்கும் ஆலைகளுக்கும் தண்ணி எடுத்தாங்க. நல்ல தண்ணி இறங்க இறங்கக் கடல் உள்ளே வந்தது. மீஞ்சூர் பக்கம் உப்பு ஏறின கிணறுகள் எத்தனையோ. நெல் போட்டவங்க தரிசாப் போட்டாங்க. மேல் தண்ணி நிக்கிற ஏரியும் தாங்கலும் இருந்தாத்தான் கீழே உப்பு ஏறாம தள்ளி நிக்கும். அதெல்லாம் புறம்போக்கு.

எங்க ஊரில் இருபது ஏக்கர் சொச்சம் மேய்க்கால் புறம்போக்கு இருக்கு. கன்டெய்னர் வண்டி நிறுத்த ஒரு கம்பெனி அதைக் கேக்குது. பேர் வேண்டாம். வேலை தர்றோம் என்கிறாங்க. ஊரில் பாதிப் பேர் கொடுக்கலாம் என்கிறாங்க, எல்லாரும் கெட்டவங்க இல்லை, வீட்டில் வேலை இல்லாத பையன் இருக்கான். மாடு வச்சிருக்கிறவங்களும் சேரி ஜனமும் கூடாது என்கிறாங்க. கிராம சபையில் பேச்சு முத்தி, நாற்காலியைத் தூக்கற அளவுக்குப் போச்சு. ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து அந்த வசவைச் சொல்லிட்டார். "டேய் புறம்போக்கு" என்று.

அப்போ பின்னால இருந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன் போனில் அந்தப் பாட்டைச் சத்தமாப் போட்டுட்டான். கிண்டலாத்தான் போட்டான். சிரிச்சாங்க. சிரிச்சதும் தூக்கின நாற்காலியைக் கீழே வச்சாங்க. தலைவர் பையனை அதட்டி அதை நிறுத்தச் சொன்னாங்க. அதுக்குள்ள ஒரு சரணம் ஓடிடிச்சு. அப்புறம் வயசான ஆயா ஒருத்தங்க எழுந்து, "பாட்டுல இன்னா சொல்றான், அந்த எடம் ஊருதுன்றானா?" என்று கேட்டாங்க. பையன் ஆமாம் என்றான். "அப்போ ஊரைக் கேட்டுட்டுச் செய்யி" என்றாங்க தலைவரைப் பார்த்து.

தீர்மானம் போடலை. 'அ' பதிவேட்டு நகலும் புல வரைபடமும் எடுத்து வச்சுட்டு அடுத்த கிராம சபையில் பேசறது என்று முடிவாச்சு. நகலுக்கு மனு கொடுத்துட்டேன். 2011ல உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொதுநிலத்தைப் பத்திக் கொடுத்த தீர்ப்பின் தமிழாக்கம் யாரிடமாவது இருந்தா அனுப்பி வைங்க, ஜெராக்ஸ் போட்டு ரெண்டு தரப்புக்கும் கொடுக்கணும். நாத்து நடவு இருக்கு, அடுத்த வாரம் எழுத முடியாது.